வீட்டுவசதிக்கும் வீடிழப்புத் தடுப்புக்கும் அரசு நிதித் திட்டம் தயாரிப்பது எப்படி

குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குக் கட்டுப்படியாகும் வீடுகளைக் கட்டுவதற்கும், வாடகை செலுத்த இயலாமல் தெருவுக்கு வரும் நிலையில் உள்ளவர்களைக் காப்பதற்கும் அரசு பணம் ஒதுக்கும்போது, இரண்டையும் ஒரே தலைப்பில் ஒரே தொகையாக எழுதிவிடுவதுண்டு. அறிவிப்பில் அந்தத் தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் நிலம் பெற்று, அனுமதி வாங்கி, ஒரு குடியிருப்பைக் கட்டி முடிக்கச் சில ஆண்டுகள் ஆகும். வீட்டைக் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த குடும்பத்துக்கோ சில வாரங்கள்தான் இருக்கும். இந்த இரண்டு வேகங்களையும் ஒரே விதிமுறைக்குள் அடைத்தால், கட்டுமானத்துக்காக எழுதப்பட்ட ஒப்பந்தப்புள்ளி நடைமுறை முடியும்வரை வாடகைப் பாக்கிக்கான உதவியும் காத்துக்கிடக்கும்.

எனவே நிதித் திட்டம் எழுதும் அலுவலர்களும், கோரிக்கை தயாரிக்கும் தொண்டு நிறுவனங்களும், பட்ஜெட்டை ஆராயும் சட்டமன்றக் குழுக்களும் முதலில் தொகையைப் பேசாமல், எந்தப் பணம் எத்தனை நாளில் யார் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நல்லது. கீழே உள்ள வரிசை அந்தக் கேள்வியை ஒட்டி அமைந்தது.

யாருக்காக என்பதை வாடகையில் சொல்லுங்கள்

“இத்தனை ஆயிரம் வீடுகள்” என்ற இலக்கு மேடைக்கு ஏற்றது, திட்டத்துக்கு ஏற்றதன்று. அந்த வீடுகளில் குடியேறப்போகும் குடும்பத்தின் மாத வருமானம் என்ன, அதில் எவ்வளவை வாடகையாகக் கொடுக்க முடியும் என்பதே தொடக்கப் புள்ளி. அமெரிக்காவில் 1969-இல் வந்த புரூக் திருத்தம் பொது வீட்டுவசதியில் குடியிருப்போரின் வாடகையை வருமானத்தில் 25 விழுக்காட்டுக்குள் நிறுத்தியது. 1981-இல் அது 30 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. வருமானத்தில் 30 விழுக்காடு என்ற அளவுகோல் பின்னர் வேறு பல திட்டங்களிலும் பழக்கத்துக்கு வந்துவிட்டது.

இந்த அளவுகோலைப் பயன்படுத்துங்கள். ஆனால் அதை மட்டுமே நம்பாதீர்கள். இரண்டு பேர் உள்ள நடுத்தரக் குடும்பத்துக்கு 30 விழுக்காடு சுமையாகத் தெரியாமல் போகலாம், நான்கு குழந்தைகள் உள்ள கூலித்தொழிலாளிக்கு 20 விழுக்காடுகூட மிகையாகலாம். வாடகை போக மீதியில் உணவு, மருந்து, பயணம், பள்ளிச் செலவு ஆகியவற்றுக்குப் போதுமான பணம் மிஞ்சுகிறதா என்ற இரண்டாவது கணக்கையும் உடன் போட வேண்டும். வருமான அடுக்குகளையும் தனித்தனியே எழுத வேண்டும். வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதிக் குடும்பங்கள் அதற்குக் கீழும் பெறும் அளவில்) 80 விழுக்காடு பெறுவோருக்கான வீடும் 30 விழுக்காடு பெறுவோருக்கான வீடும் செலவில் ஒன்றல்ல. இரண்டையும் “மலிவு வீடு” என்ற ஒரே பெயரில் சேர்த்து எண்ணும் திட்டங்களில், பெரும்பாலும் முதல் வகை மட்டுமே கட்டப்படும்; அதற்கு மானியம் குறைவாகத் தேவைப்படுவதே காரணம்.

கட்டும் பணமும் நடத்தும் பணமும் வேறு

நிதிக் கோரிக்கைகளில் அதிகம் கவனிக்கப்படாத இடம் இது என்பதால் ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். அதனால் தாங்கக்கூடிய வாடகை 30 அலகு. அந்த வீட்டின் பராமரிப்பு, பொதுவிடத் தூய்மை, காவல், காப்பீடு, சொத்துவரி, எதிர்காலப் பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு எல்லாம் சேர்ந்து மாதம் 38 அலகு ஆகிறது. நிலத்தையும் கட்டடத்தையும் அரசு முழுவதும் இலவசமாகக் கொடுத்து, ஒரு காசு கடனும் இல்லாவிட்டாலும், மாதம் 8 அலகு பற்றாக்குறை இருக்கும். ஆண்டுக்கு 96 அலகு. 30 ஆண்டுகளுக்கு, விலைவாசி உயர்வைச் சேர்க்காமலே, 2,880 அலகு. கட்டுமானத்தில் ஒரு பகுதியைக் கடனாக எடுத்திருந்தால் அதன் தவணையும் இதன் மேல் ஏறும்.

மிகக் குறைந்த வருமானம் உள்ளவர்களைக் கட்டுமான மானியம் மட்டும் எட்டாது என்பதை இந்தக் கணக்குக் காட்டுகிறது. பற்றாக்குறையை யாரும் ஏற்காவிட்டால், நிர்வாகம் பராமரிப்பைக் குறைக்கும். மின்தூக்கி நிற்கும், குழாய்கள் ஒழுகும், சில ஆண்டுகளில் புதிய கட்டடம் பழையதாகிவிடும். அதன் பிறகு “ஏழைகளுக்குக் கட்டிக்கொடுத்தால் இப்படித்தான் வைத்திருப்பார்கள்” என்று பழி குடியிருப்போர் மேல் விழும். பணம் ஒதுக்கப்படாத இடத்தைப் பற்றி அப்போது எவரும் பேசுவதில்லை.

ஆகவே, ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டுமான மானியத்தோடு, நடைமுறைச் செலவுக்கான மானியத்தையோ வாடகை உதவியையோ இணைத்தே ஒப்புதல் கேட்க வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. குறிப்பிட்ட கட்டடத்தோடு பிணைக்கப்பட்ட வாடகை உதவி கட்டடத்தை நிலைநிறுத்தும். குடும்பத்தோடு செல்லும் உதவி, வேலையும் பள்ளியும் இருக்கும் இடத்துக்கு நகரும் உரிமையை அவர்களுக்குத் தரும். காலி வீடுகளே அரிதாக உள்ள ஊரில் குடும்பத்தின் கையில் உதவிச் சீட்டைக் கொடுத்துவிட்டு வீடு தேடச் சொல்வதில் பயன் குறைவு; அங்கே முதல் வழியே பொருந்தும். காலி வீடுகள் உள்ள ஊரில் கட்டி முடிக்கும்வரை காத்திருக்கவே தேவையில்லை.

வரவின் தன்மையைச் செலவின் தன்மையோடு பொருத்துங்கள்

ஒருமுறை மட்டும் வரும் பணத்தை ஒருமுறை செலவுக்கும், ஆண்டுதோறும் வரும் பணத்தை ஆண்டுதோறும் தொடரும் செலவுக்கும் வைப்பது எளிய விதி. அதை மீறும் தூண்டுதலும் அதே அளவுக்கு எளிது. உபரியான ஓராண்டில் கிடைத்த தொகையைக் கொண்டு வாடகை உதவி தொடங்கினால், மூன்றாம் ஆண்டில் அந்தக் குடும்பங்களை அரசே வெளியே தள்ளியதாக ஆகும். கலிபோர்னியா மாநிலம் 2020-இல் தொடங்கிய ஹோம்கீ திட்டம் ஒருமுறைப் பணத்துக்கு நல்ல உதாரணம்: தொற்றுக்கால நிதியைக் கொண்டு விடுதிகளையும் ஓட்டல்களையும் விலைக்கு வாங்கிக் குடியிருப்புகளாக மாற்றினார்கள். வாங்கிய கட்டடம் நிலைத்திருக்கும். ஆனால் அதை நடத்தும் செலவை அடுத்த ஆண்டுகளில் யார் ஏற்பார்கள் என்ற கேள்விக்கு அந்தப் பணத்தால் விடை சொல்ல இயலாது.

நிலையான வரவுக்கு நாடுகள் பல வழிகளைக் கண்டிருக்கின்றன. பிரான்சில் நிறுவனங்கள் ஊதியத் தொகையில் ஒரு பங்கை வீட்டுவசதிக்குச் செலுத்துவது 1953 முதல் கட்டாயம். பொதுமக்கள் ‘லிவ்ரே ஆ’ என்னும் சேமிப்புக் கணக்கில் போடும் பணத்தின் பெரும்பகுதி, பொதுநிதி நிறுவனம் ஒன்றின் வழியாக, சமூக வீட்டுவசதிக்கு நீண்டகாலக் கடனாகச் செல்கிறது. டென்மார்க்கில் 1967-இல் அமைக்கப்பட்ட தேசியக் கட்டட நிதியம் இன்னும் நுட்பமானது: பொதுநலக் குடியிருப்புகளின் கட்டுமானக் கடன் தீர்ந்த பிறகும் குடியிருப்போர் வாடகையை அதே அளவில் தொடர்கிறார்கள், அந்த மிச்சம் நிதியத்துக்குப் போய்ப் பழைய குடியிருப்புகளின் சீரமைப்புக்கும் புதியவற்றுக்கும் உதவுகிறது. பழைய வீடுகள் புதிய வீடுகளுக்குப் பணம் தரும் இந்த ஏற்பாட்டுக்குத் தொடக்கத்தில் பொறுமை வேண்டும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் நிதியமைச்சரின் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

சொத்துப் பரிமாற்றத்தின் மீதான வரி அல்லது முத்திரைக் கட்டணத்தை வீட்டுவசதிக்கென ஒதுக்குவது இன்னொரு வழி. இதில் இரண்டு பள்ளங்கள் உள்ளன. முதலாவது, வீட்டுச் சந்தை சரியும்போது வரவும் சரியும். மக்கள் வேலையிழந்து உதவி தேடுவதும் பெரும்பாலும் அதே காலத்தில்தான். லாஸ் ஏஞ்சலிஸ் நகர வாக்காளர்கள் 2022-இல் ஏற்று, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உயர்மதிப்புச் சொத்து விற்பனை வரி, தொடக்கத்தில் மதிப்பிடப்பட்டதைவிடக் குறைவாகவே ஈட்டியது. ஆகவே நல்ல ஆண்டுகளின் வரவில் ஒரு பங்கைக் கையிருப்பாக வைக்கும் விதியைத் திட்டத்திலேயே எழுத வேண்டும். இரண்டாவது பள்ளம் அரசியல். புளோரிடா மாநிலம் 1992-இல் சாடோவ்ஸ்கி சட்டத்தின் மூலம் பத்திர முத்திரை வரியின் ஒரு பகுதியை வீட்டுவசதிக்கெனத் தனியே வைக்கப்பட்ட பொறுப்பு நிதிகளில் சேர்த்தது. பின்வந்த ஆண்டுகளில் சட்டமன்றம் அந்தப் பணத்தைப் பலமுறை வேறு செலவுகளுக்குத் திருப்பிக்கொண்டது. “ஒதுக்கப்படும்” என்ற சொல் மட்டும் போதாது. திருப்ப வேண்டுமானால் தனித் தீர்மானமும் திருப்பிச் செலுத்தும் கெடுவும் தேவை என்ற தடையாவது சட்டத்தில் இருக்க வேண்டும்.

வரிச்சலுகை வழியாகத் தனியார் முதலீட்டை ஈர்க்கும் முறையும் உண்டு. 1986-இல் அமெரிக்காவில் தொடங்கிய குறைந்த வருமான வீட்டுவசதி வரிவரவு (முதலீடு செய்பவர் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகை) அந்நாட்டில் புதிய மலிவு வாடகை வீடுகளுக்கான மிகப்பெரிய வழியாக இருக்கிறது. சலுகைகளை மாநில அமைப்புகள் போட்டி முறையில் பகிர்ந்தளிக்கின்றன. எந்த வருமான அடுக்குக்கு அதிக மதிப்பெண் என்று மாநிலம் எழுதும் தேர்வு விதிகளே எந்த ஊரில் எந்த வகை வீடு எழும் என்பதைத் தீர்மானிக்கின்றன; ஆகவே தொகையை விவாதிப்பதில் செலவிடும் நேரத்தில் பாதியையாவது அந்த விதிகளைப் படிக்கச் செலவிடலாம்.

தடுப்புப் பணம்: யாருக்கு, எப்போது, எப்படி

வீடிழப்பைத் தடுக்கும் பணம் ஒப்பீட்டளவில் சிறியது. ஆனால் பகிர்வதற்கு மிகக் கடினமானது. சிகாகோவில் வாடகைப் பாக்கிக்கு ஒருமுறை உதவி கேட்டுத் தொலைபேசி மையத்தை அழைத்தவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2016-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. நிதி கையில் இருந்த நாளில் அழைத்தவர்கள், நிதி தீர்ந்திருந்த நாளில் அழைத்தவர்களைவிட, அடுத்த ஆறு மாதங்களில் வீடற்றோர் காப்பகத்துக்குச் செல்லும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைவாக இருந்தது. உதவி பலிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. ஆயினும் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: உதவி கிடைக்காதவர்களிலும் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேரே காப்பகத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் உறவினர் வீட்டிலோ, கடன் வாங்கியோ, வேறு வழியிலோ சமாளித்துக்கொண்டார்கள்.

இதிலிருந்து இரண்டு வகை முடிவுக்கு வரலாம். நெரிசலான உறவினர் வீடும் கந்துவட்டிக் கடனும்கூடத் துன்பமே, அவற்றையும் தடுப்பது அரசின் பணி என்று கொண்டால், உதவியைப் பரவலாகக் கொடுக்கலாம். அதற்குப் பெருந்தொகை வேண்டும். தெருவுக்கு வருவதைத் தடுப்பதே நோக்கம் என்றால், அந்த இருவர் யார் என்று முன்கூட்டிக் கணிக்க வேண்டும். எது நோக்கம் என்று திட்டத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். எழுதாவிட்டால் இரண்டும் அரைகுறையாக முடியும்.

கணிக்க முடியுமா என்றால், ஓரளவுக்கு முடியும். நியூயார்க் நகரத்தின் ஹோம்பேஸ் தடுப்புத் திட்டத்தில் விண்ணப்பித்த குடும்பங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு, முன்பு காப்பகத்தில் இருந்தது, வெளியேற்ற நோட்டீஸ், கர்ப்பம், மிகச்சிறு குழந்தை போன்ற சில காரணிகளைக் கொண்ட மதிப்பீட்டுப் படிவம், அலுவலர்களின் சொந்தக் கணிப்பைவிடச் சரியாக ஆபத்தை அடையாளம் காட்டியதைக் கண்டது. மிகவும் சிக்கலில் இருக்கும் குடும்பத்தை “இவர்களுக்கு உதவியும் பயனில்லை” என்று ஒதுக்கும் போக்கு அலுவலர்களிடம் இருப்பது இயல்பு. பயன் அதிகமாக இருப்பதோ அத்தகைய குடும்பங்களிடம்தான். எனவே ஒழுங்காக வாடகை கட்டக்கூடியவர் என்று நிரூபிக்கக் கேட்கும் நிபந்தனைகளைத் தடுப்புப் பணத்துக்கு வைக்காதீர்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, வேல்ஸில் 2014-ஆம் ஆண்டுச் சட்டமும், இங்கிலாந்தில் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீடிழப்புக் குறைப்புச் சட்டமும் 56 நாள் என்ற வரம்பை வைத்தன. 56 நாள்களுக்குள் வீட்டை இழக்கும் நிலையில் உள்ளவருக்கு உதவுவது உள்ளாட்சியின் சட்டப்படியான கடமை ஆயிற்று. கடமை எழுதப்பட்ட இடத்தில் நிதியும் தொடர வேண்டும். கடமை இல்லாத நிதி ஆண்டு நடுவில் தீர்ந்தால் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, நிதி இல்லாத கடமை வரிசையை மட்டும் நீளமாக்கும்.

ஆவணங்களைப் பற்றி ஒரு பாடம். 2020 டிசம்பரிலும் 2021 மார்ச்சிலும் அமெரிக்க நாடாளுமன்றம் அவசர வாடகை உதவிக்கு மொத்தம் 4,600 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. ஆனால் 2021 கோடைவரை பணத்தின் பெரும்பகுதி குடும்பங்களைச் சென்றடையவில்லை. வருமானச் சான்று, வாடகை ஒப்பந்தம், வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் என்று அடுக்கப்பட்ட தாள்கள் முக்கியத் தடை. வாய்மொழி ஒப்பந்தத்தில் குடியிருப்பவரிடமும் நாள்கூலியிடமும் அந்தத் தாள்கள் இருக்க வாய்ப்பில்லை. விண்ணப்பதாரரின் சொந்த உறுதிமொழியை ஏற்கலாம் என்று நிதித்துறை பின்னர் வலியுறுத்திய பிறகே வேகம் கூடியது. ஆகவே உங்கள் திட்டத்தில் சிறு தொகைகளுக்கு உறுதிமொழி போதும் என்றும், சரிபார்ப்பைப் பின்னர் மாதிரி முறையில் செய்யலாம் என்றும் முதலிலேயே எழுதிவிடுங்கள். உரிமையாளர் ஒத்துழைக்க மறுத்தால் பணத்தை வாடகைதாரரிடமே கொடுக்கும் வழியும் இருக்க வேண்டும்.

பணத்தோடு சட்ட உதவிக்கும் ஒரு பங்கு வையுங்கள். வெளியேற்ற வழக்குகளில் உரிமையாளர் பக்கம் வழக்கறிஞர் இருப்பதும் வாடகைதாரர் தனியே நிற்பதும் பொதுவான காட்சி. நியூயார்க் நகரம் 2017-இல் குறைந்த வருமான வாடகைதாரர்களுக்கு வழக்கறிஞர் உரிமையைச் சட்டமாக்கியது. நோட்டீஸில் பிழை இருந்தாலோ, பாக்கியைத் தவணையில் கட்ட அவகாசம் கிடைத்தாலோ, உதவித்தொகையே தேவைப்படாமலும் போகலாம்.

சிறை, மருத்துவமனை, குழந்தைகள் இல்லம் ஆகியவற்றிலிருந்து வெளியேறும் நாள் முன்கூட்டியே தெரிந்த நாள். அன்று போக இடமில்லாதவருக்கான செலவை அந்தந்தத் துறையின் பட்ஜெட்டிலேயே சேர்க்கச் செய்வது, வீட்டுவசதித் துறை தனியே சுமப்பதைவிட முறையானது.

ஏற்கெனவே தெருவில் இருப்பவர்களுக்கு

காப்பகப் படுக்கை மலிவானது போலத் தோன்றும்; ஆண்டுக்கணக்கில் கூட்டினால் அப்படியில்லை, அது யாரையும் வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பதும் இல்லை. பின்லாந்தில் 1987-இல் 18,000-க்கும் மேலாக இருந்த வீடற்றோர் எண்ணிக்கை 2022-இல் 4,000-க்கும் கீழே வந்தது. 2008-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ், குடிப்பழக்கத்தை விட்டால் வீடு, வேலை கிடைத்தால் வீடு என்ற படிநிலைகளை நீக்கி, முதலில் நிரந்தர வாடகை ஒப்பந்தத்தைக் கொடுத்து, பிறகு தேவையான ஆதரவை அளித்தார்கள். ஹெல்சின்கியில் 250 பேர் படுத்த ஒரு பழைய விடுதி 81 தனிக் குடியிருப்புகளாக மாறியது. படுக்கைகள் குறைந்தன என்பதை இழப்பாக எண்ணும் கணக்கு முறை இருந்திருந்தால் அது நடந்திருக்காது. 2024-இல் அங்கும் எண்ணிக்கை மீண்டும் உயர்ந்தது; நிதி தளர்ந்தால் நிலைமையும் தளரும்.

கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்திய சோதனையும், முதலில் வீடு பெற்றவர்கள் வழக்கமான சேவைகளை மட்டும் பெற்றவர்களைவிட நெடுங்காலம் வீட்டில் நிலைத்திருந்ததைக் காட்டியது. இங்கே நிதித் திட்டம் எழுதுபவர் மறக்கக் கூடாதது ஆதரவுப் பணியாளரின் ஊதியம். வீட்டைக் கொடுத்துவிட்டுப் பணியாளரைக் கொடுக்காவிட்டால் ‘முதலில் வீடு’ என்ற பெயர் மட்டுமே மிஞ்சும். ஒரு பணியாளருக்கு எத்தனை குடும்பங்கள் என்ற எண்ணைக் கோரிக்கையிலேயே குறிப்பிடுங்கள்.

பணத்தை விடுவித்தல், கணக்குக் காட்டுதல்

முழுவதும் செலவிட்டு, பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்த பிறகே பணம் தருவோம் என்ற நிபந்தனை, கையிருப்பு உள்ள பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே கதவைத் திறக்கும். முன்பணமாக ஒரு பங்கை விடுவித்து, மீதியைப் பணியின் நிலையைப் பொறுத்துத் தருவது பொருந்தும். இந்தியாவின் ஊரகப் பிரதம மந்திரி வீட்டுவசதித் திட்டத்தில், கட்டுமான நிலையைப் புவிக்குறியிட்ட படத்தால் உறுதிசெய்து, தவணையைப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே அனுப்புகிறார்கள். இடைத்தரகரை விலக்க இது உதவும். ஆனால் அடுத்த தவணை தாமதித்தால் சுவர் பாதியில் நிற்கும், குடும்பம் வட்டிக்கு வாங்கும். தவணைக்கு நிபந்தனை விதிப்பதுபோல, படம் பதிவேறிய எத்தனை நாளில் பணம் வர வேண்டும் என்ற கெடுவை அரசுக்கும் விதிக்க வேண்டும்.

கணக்கைப் பொறுத்தவரை, கலிபோர்னியாவின் மாநிலத் தணிக்கையாளர் 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை படிக்கத்தக்கது. ஐந்து நிதியாண்டுகளில் ஏறத்தாழ 2,400 கோடி டாலர் வீடற்றோருக்கான திட்டங்களில் செலவானது. ஆனால் விளைவுகள் சீராகப் பதியப்படவில்லை. ஆராயப்பட்ட ஐந்து திட்டங்களில் மூன்றைப் பற்றி, பயன் உண்டா இல்லையா என்று சொல்லப் போதிய தரவே இல்லை. திட்டம் தொடங்கும் முன்பே நான்கு எண்களைத் தீர்மானித்துக்கொள்ளலாம்: புதிதாக வீடிழந்தவர்கள், வீடு பெற்றவர்கள், ஓராண்டுக்குப் பிறகும் வீட்டில் இருப்பவர்கள், விண்ணப்பத்துக்கும் பணம் கிடைத்ததற்கும் இடைப்பட்ட நாள்கள். ஓரிரவுக் கணக்கெடுப்பு மட்டும் போதாது. அது அன்று கண்ணில் பட்டவர்களை எண்ணும், ஆண்டு முழுவதும் வந்துபோனவர்களை எண்ணாது.

மானியத்தின் ஆயுள்

கடைசியாக, அரசுப் பணத்தில் எழுந்த வீடு எத்தனை ஆண்டுகள் மலிவு வாடகையில் இருக்க வேண்டும் என்ற உட்பிரிவு. அமெரிக்க வரிவரவுத் திட்டத்தில் இது பொதுவாகக் குறைந்தது 30 ஆண்டுகள். 15 ஆண்டு அளவில் விலகிக்கொள்ளும் சட்ட வழியும் விடப்பட்டதால் பல வீடுகள் முன்பே சந்தை வாடகைக்குப் போயின. இங்கிலாந்தில் 1980-ஆம் ஆண்டுச் சட்டம், நகராட்சி வீடுகளில் குடியிருந்தோர் அவற்றைத் தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமையைத் தந்தது. அதன் பிறகு ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் விற்பனையாயின. ஈடாகக் கட்டப்பட்டவை மிகக் குறைவு. வாங்கிய குடும்பங்களுக்கு அது நன்மைதான், ஆனால் அடுத்து வரிசையில் நின்றவர்களுக்கு வீடு இல்லை. நிலத்தை அரசோ அறக்கட்டளையோ வைத்துக்கொண்டு கட்டடத்தை மட்டும் நீண்டகாலக் குத்தகைக்கு விடலாம். விற்பதானால் முதலில் வாங்கும் உரிமையை உள்ளாட்சிக்கு எழுதிவைக்கலாம். கட்டுப்பாடு முடியும் ஆண்டைக் கட்டடவாரியாகக் காட்டும் பதிவேடு ஒன்றையும் பராமரித்து, முடிவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே புதுப்பிப்பதற்கான தொகையைப் பட்ஜெட்டில் கேட்க வேண்டும். அந்த வீடுகளில் குடியிருப்பவர்களுக்கும் அந்த ஆண்டை எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும்.